தக்கைக்குக் கீழே இரண்டு விரல்

ஆறிப்போன தேயிலைச் சாயம் போல இருக்கிறது போத்தலுக்குள், டோர்ச் வெளிச்சம் பச்சைக் கண்ணாடியின் பின்னாலிருந்து நுழைந்து பாதி வழியில் களைத்து நின்றுவிடுகிறது, சிவப்பு என்று சொல்ல ஓர் இழைகூட இல்லை, நாகபூஷணி போத்தலைக் கொஞ்சம் சரித்துப் பார்க்கிறாள், அடியில் கிடந்த மண்டி சோம்பலாக அசைகிறது, தக்கையின் அடியில் விரல்களை ஒட்டவைத்து எண்ணுகிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்தாவது விரலுக்கும் கீழேதான் வைன் தொடங்குகிறது, மேசைக்கு அந்தப் பக்கம் சிஞ்ஞோர் எத்தோரே தட்டச்சு மெசினுக்கு முன்னால் கைகளை விரித்து வைத்துக்கொண்டு காதை அவள் பக்கம் திருப்பியபடி காத்திருக்கிறார், சொல்லுங்கோ சிஞ்ஞோரா, எத்தினை விரல் என்கிறார், சமையலறைக் கதவுக்குப் பின்னால் கதிரையில் இருக்கும் அந்தக் கிழவி மூச்சை இழுத்துப் பிடிப்பதுகூட அவளுக்குக் கேட்கிறது, அவள் வாயைத் திறக்கிறாள், அந்த ஒரு கணத்தை எத்தனை தரம் நினைத்தாலும் வாயைத் திறந்த இடத்தில் நிறுத்திவைக்க அவளால் முடிவதில்லை.

அவர் பேசியது இத்தாலியன், கிழவி பேசியதும் இத்தாலியன், ஆனால் நினைவில் வரும்போது எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தமிழில்தான் கதைக்கிறார்கள், எப்போது அப்படி மாறியது என்று அவளுக்குத் தெரியாது, கல்யாணம் என்று பலெர்மோவுக்கு வந்து மூன்று வருடத்தில் அது கலைந்துபோன பிறகு, தனியாகத் தொரினோவுக்கு ரயிலேறி, ஆற்றங்கரைத் தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம் என்று தேவாலயத்தில் ஒரு சாமியார் எழுதிக்கொடுத்த துண்டோடு கதவைத் தட்டியபோது அவளுக்கு முப்பத்திமூன்று வயது, கதவைத் திறந்தவருக்கு எழுபத்தேழு, மனைவி செத்து ஆறு மாதம், சமைக்கத் தெரியுமோ என்று கேட்கவில்லை, உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமோ என்றுதான் கேட்டார். ஏன் கேட்டார் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது, மேசையில் வைத்த உப்புச் சாடியைத் தேடி அவருடைய கை சீனிச் சாடியில் போய் நின்றபோது, சிஞ்ஞோர், உங்களுக்குக் கண் தெரியேல்லையோ என்று அவள் கேட்டுவிட்டாள், அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார், ஓரம் தெரியுது, நடுதான் இல்லை, எதைப் பாத்தாலும் பாக்கிற இடத்தில ஒரு சாம்பல் வட்டம், முகத்தைப் பாத்தால் காது மட்டும் தெரியுது, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ என்றார், சொன்னால் என்ர வேலை போயிடும்.

அவருடைய வேலை பழைய போத்தல்களுக்கு மதிப்புச் சொல்வது, அந்தப் பக்கத்து மலைக்கிராமங்களில் நெப்பியோலோ என்றொரு கறுத்த திராட்சையில் செய்கிற வைனுக்குப் பரோலோ என்று பெயர், முப்பது வருடம் நாற்பது வருடம் இருட்டில் கிடந்துதான் அது தன் குணத்துக்கு வரும், தகப்பன் செத்த வீட்டில் நிலவறையைத் திறந்துபார்த்த பிள்ளைகள் கண்டெடுக்கும் போத்தல்களை அவரிடம்தான் கொண்டுவருவார்கள், நகரத்தில் இருந்த ஏலக் கம்பனி அவருடைய கையெழுத்து இல்லாமல் பழைய பரோலோ ஒன்றையும் மேடையில் ஏற்றாது, ஐம்பது வருடமாக அப்படி. திறந்து குடித்துப் பார்த்து நல்லது என்று சொல்ல எவனாலும் முடியும் சிஞ்ஞோரா, திறந்தால் அந்தப் போத்தல் முடிஞ்சுது, திறக்காமல் சொல்லவேணும், அதுதான் தொழில் என்பார், பழைய வைனை நல்லதோ கூடாததோ எண்டு கேக்கக்கூடாது, அது இன்னும் இருக்குதோ இல்லையோ எண்டுதான் கேக்கவேணும் என்பார். வருகிறவர்களிடம் போத்தலை விட்டுவிட்டுப் போங்கோ, நான் தனியத்தான் பாக்கிறது, வியாழக்கிழமை வாங்கோ என்று அனுப்பிவிடுவார், கதவைச் சாத்திய பிறகு அவள் டோர்ச்சை எடுப்பாள்.

அவளுக்கு அவர் சொல்லித்தந்தது என்று பெரிதாக ஒன்றுமில்லை, அவர் கேட்டார், அவள் பார்த்துச் சொன்னாள், கேட்டுக் கேட்டே எதைப் பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டது, தக்கைக்குக் கீழே எத்தனை விரல் தள்ளி வைன் நிற்கிறது, இரண்டு விரல் என்றால் நாற்பது வயதுக்குச் சுகமாய் இருக்கிறது, நான்கு என்றால் கவலை, ஐந்துக்கு மேல் என்றால் காற்றுப் புகுந்து எப்போதோ முடிந்துவிட்டது, நிறம் என்ன, இளசு என்றால் மாதுளைச் சாறு, வயது போனால் நனைந்த செங்கல், ஓரத்தில் தோடம்பழத் தோலின் மஞ்சள், அது கபிலமாகித் தேயிலைச் சாயமாகிவிட்டால் வாசிக்க ஒன்றுமில்லை, லேபலில் பூஞ்சணம் பிடித்திருந்தால் பயப்படத் தேவையில்லை, ஈரமான நல்ல இடத்தில் உறங்கியிருக்கிறது, லேபல் பளிச்சென்று இருந்தால்தான் பயம், அது காய்ந்த இடத்தில் நின்ற போத்தல், தக்கையைப் போர்த்திய ஈயத்தாளை மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும், சுற்றினால் நல்லது, ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே இருந்தது கசிந்திருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு போத்தலையும் வாங்கி, பெரியவர்கள் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பிறகு தட்டச்சு மெசினில் விரல்களை வைப்பார், எழுத்துகள் அவருடைய விரல்களுக்குத் தெரியும், அவள் தாளின் அடியில் விரலை வைத்துக் காட்ட அந்த இடத்தில் கையெழுத்திடுவார். வீட்டில் ஒருவர் தன்னுடைய சொல்லைக் கேட்டு ஒரு தாளில் பெயரைப் போடுகிறார் என்பது அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது, இதற்கு முன் அவள் சொல்லை வாங்கி ஒருவரும் எதிலும் பெயர் போட்டதில்லை, பலெர்மோவில் அவள் சொன்னது எதையும் அந்த மனிசன் காதில் போட்டதே இல்லை, இங்கே அவள் செங்கல் என்றால் செங்கல், இரண்டு விரல் என்றால் இரண்டு விரல்.

ஆனால் இல்லை என்று சொல்ல வேண்டி வரும் நாட்களும் இருந்தன, முதல் தரம் அது ஒரு பஸ் சாரதி, தகப்பனின் ஆறு போத்தல்களை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்தவர், ஆறும் முடிந்துபோயிருந்தன, அவள் ஆறு தரம் டோர்ச் பிடித்து ஆறு தரம் இல்லை என்று தலையை ஆட்டினாள், தலை ஆட்டுவது அவருடைய கண்ணுக்குத் தெரியாது என்பது மறந்துபோய் முதலில் தலையைத்தான் ஆட்டினாள், ஆட்டிய உடனேயே கழுத்து விறைத்துவிட்டது, வியாழக்கிழமை அந்த மனிதர் வந்து தாளை வாசித்துவிட்டு அதே துவாயில் ஆறையும் திரும்பச் சுற்றினார், சுற்றும்போது அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. தலையாட்டி, ஆமிக்கு ஆளைக் காட்டிக்கொடுப்பவனுக்கு ஊரில் அதுதான் பெயர், அந்தச் சொல் ஊரோடு விட்டுவிட்டு வந்தது என்று நினைத்திருந்தாள், பள்ளிக்கூட மைதானம், காலை ஒன்பது மணி வெயில், ஆமிக்காரர் சுற்றிவளைத்து எல்லா ஆண்களையும் வரிசையில் விட்டிருக்கிறார்கள், பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம், அவளுக்குப் பதினான்கு வயது, அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவனை இருத்தி வைத்திருக்கிறார்கள், தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வரிசை அவன் முன்னால் நகர்கிறது, ஒவ்வொருவராக நிற்க, சாக்கு அசையாவிட்டால் போகலாம், அசைந்தால் லொறி, அண்ணன் வாகீசன் போய் நிற்கிறான், பத்தொன்பது வயது, நீல நிறச் சேர்ட், அவன் ஒரு இயக்கத்திலும் இல்லை, தபாலில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான், சாக்கு அசையாமல் இருக்கிறது, அவன் ஓர் அடி எடுத்து வைக்கிறான், சாக்கு அசைகிறது, அவ்வளவுதான், அது ஆம் என்ற ஆட்டலா, இல்லை வியர்வைக்கு ஒரு சிலிர்ப்பா என்று அவள் இருபத்துமூன்று வருடமாக யோசித்திருக்கிறாள், லொறி போன பிறகும் அம்மா வேலியை விட்டு வரவில்லை, பிறகு எத்தனையோ கந்தோர்களில் எழுதிக்கொடுத்தார்கள், எந்தக் கந்தோரும் இருக்கிறான் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, அம்மா சாகும்வரை அரிசி வாங்கும் கூப்பன் மட்டையில் அவன் பெயரை வெட்ட விடவில்லை.

அதனால்தானோ என்னவோ என்று சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம், ஒரு பிழைக்கு இன்னொரு சாவைச் சாட்டுச் சொல்வது போல, ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோரா இர்மா வந்தபோது அதுதான் நடந்தது, எழுபத்துநான்கு வயது, சிறிய உடம்பு, அல்பா என்ற சிறு நகரத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பன்னிரண்டு போத்தல்களைச் சக்கரம் பூட்டிய காய்கறிப் பையில் செய்தித்தாள் சுற்றி அடுக்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள், வியாழக்கிழமை வாங்கோ என்றார் எத்தோரே, வியாழக்கிழமை என்னால ஏலாது சிஞ்ஞோர், திரும்ப இந்தப் படியள் ஏறினால் நான் செத்துப்போவன், நான் குசினியில இருக்கிறன், சத்தம் போடமாட்டன் என்றாள், அவர் தடுமாறி, சரி என்றுவிட்டார், நாகபூஷணி அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாள், அந்தப் பத்து நிமிடத்தில் கிழவி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

என்ர மனிசன் ரெமோ முடி வெட்டுறவர் என்றாள், கல்யாணம் கட்டின வருசம், அறுபத்திநாலு, நான் ஒரு தையல் மெசின் வாங்கவெண்டு சேத்து வச்சிருந்தனான், அவர் அதை எடுத்துக்கொண்டு போய் இந்தப் பன்னிரண்டையும் வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறார், லேபலில இருக்கிற இந்த வருசம் போல இனி வராது இர்மா, இது எங்கட பிள்ளையளுக்கு எண்டார், பிள்ளையளும் பிறக்கேல்லை, நாப்பத்தாறு வருசம் குசினி அலுமாரிக்கு மேல நிண்டுது, ஒவ்வொரு நாளும் பாத்துப் பாத்துப் பேசியிருக்கிறன் சிஞ்ஞோரா, வாயில வராத பேச்சில்லை, விசரன், மோட்டு மனிசன், தண்ணியை வாங்கி அலுமாரியில வச்சவன், ஊர் கேக்கப் பேசியிருக்கிறன், அவர் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை, போன மாசி மாசம் சாகேக்கை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, போத்தல் இருக்குத்தானே, யோசியாதை எண்டார், எனக்கு இதை வித்து என்ன வரப்போகுது எண்டு கவலையில்லை, எனக்கு வீடு இருக்கு, பென்சன் இருக்கு, அந்த மனிசன் விசரன் இல்லை எண்டு ஒருத்தர் எழுதித்தந்தால் போதும். அவள் கோப்பையைச் சாஸரில் வைத்தாள், நாகபூஷணி பையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு வந்தாள், முதல் போத்தலின் செய்தித்தாளை அவிழ்த்தாள், லேபல் நேற்று ஒட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது, அடுப்புக்கு மேல் சூட்டில் நாற்பத்தாறு வருடம் நிமிர்ந்து நின்ற போத்தல், ஈயத்தாளைத் திருகினாள், அது சுற்றவில்லை, டோர்ச்சைப் போட்டாள்.

இரண்டு விரல் சிஞ்ஞோர் என்றாள். நிறம் என்று கேட்டார். செங்கல், ஓரத்தில தோடம்பழத் தோல். தெளிவோ. ஓம், நல்ல தெளிவு. ஈயத்தாள். சுத்துது. அவர் இரண்டு கையாலும் போத்தலை வாங்கினார், வழக்கத்தைவிட நீண்ட நேரம் வைத்திருந்தார், பெருவிரல் கழுத்தைச் சுற்றி ஒரு தரம் போய் வந்தது, வடிவாப் பாத்தனீங்களோ என்றார். பாத்தனான் என்றாள். அடுத்ததைத் தாங்கோ என்றார், இரண்டாவது, மூன்றாவது, அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாள், இதிலே இரண்டரை விரல், இதிலே கொஞ்சம் மங்கல், எல்லாம் ஒரே மாதிரி என்றால் சந்தேகம் வரும் என்று அவளுக்கே தெரியாமல் ஏதோ ஒரு புத்தி வேலை செய்தது, பன்னிரண்டும் முடிய அவர் வெகுநேரம் தட்டச்சு மெசினின் மேல் விரல்களை வைத்தபடி இருந்தார், ஆற்றில் ஒரு படகு போகும் சத்தம் கேட்டது, பிறகு அடித்தார், அவள் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார், குசினிக்குள் போய்த் தாளைக் கிழவியின் கையில் கொடுத்தபோது கிழவி அதை வாசிக்கவில்லை, நெற்றியில் வைத்துக்கொண்டாள், கோவிலில் திருநீறு வாங்கியவள் போல. நாகபூஷணிக்குக் கால் நிலத்தில் படவில்லை, வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரையும் போ, போ, எல்லாரும் வீட்டை போங்கோ என்று அனுப்பிவிட்டது போலிருந்தது, அந்த மகிழ்ச்சியை நினைக்கும்போதுதான் இன்றைக்கும் அவளுக்கு வெட்கம் வருகிறது.

போத்தல்கள் ஏலக் கம்பனிக்குப் போயின, அடுத்த கிழமை சிஞ்ஞோரா இர்மா மறுபடியும் அதே படிகள் ஏறி வந்தாள், இந்த முறை கையில் ஹேசல்கொட்டைக் கேக், தானே சுட்டது, படி ஏறியதால் முகம் சிவந்திருந்தது, உள்ளே வரவில்லை, வாசலிலேயே நாகபூஷணியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சேமக்காலைக்குப் போனனான் பிள்ளை என்றாள், அவற்ற கல்லுக்கு முன்னால நிண்டு அந்தத் தாளைச் சத்தமா வாசிச்சனான், ஒவ்வொரு போத்தலா வாசிச்சனான், பிறகு முழங்காலில இருந்து மன்னிப்புக் கேட்டனான், நாப்பத்தாறு வருசப் பேச்சுக்கும், எழும்ப ஏலாமல் போச்சு, பூ விக்கிற பெடிச்சிதான் தூக்கிவிட்டவள் என்று சிரித்தாள், நாகபூஷணியும் சிரித்தாள், கேக் நல்ல ருசி, எத்தோரே ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் சாப்பிடுங்கோ என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் ஏலக் கம்பனியிலிருந்து ஃபாபியோ வந்தான், நாற்பது வயது, நல்ல மனிதன், எப்போதும் கதவிலேயே தொப்பியைக் கழற்றுகிறவன், அன்றைக்குக் கழற்ற மறந்துபோய் உள்ளே வந்தான், ஒரு கையில் போத்தல், மறு கையில் அந்தத் தாள், போத்தலை மேசையின் நடுவில் வைத்தான், சிஞ்ஞோர் எத்தோரே, இந்தப் போத்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ, கையால தொடாமல் சொல்லுங்கோ என்றான். கிழவரின் கைகள் மேசையில் இருந்தன, அவை அசையவில்லை, ஜன்னலால் காலை வெயில் போத்தலுக்குள் விழுந்து சாயம் சாயமாகத் தெரிந்தது, அறையில் இருந்த மூவரில் இருவருக்குத் தெரிந்தது, எத்தோரே முகத்தைப் போத்தல் இருக்கும் என்று நினைத்த பக்கம் திருப்பினார், ஒரு சாண் தள்ளித் திருப்பினார், ஃபாபியோ தொப்பியைக் கழற்றினான். எவ்வளவு காலம் என்று கேட்டான். நாலு வருசம் என்றார். எத்தினை கடிதம். அறுபத்திமூண்டு என்றார், யோசிக்காமலே. அப்ப இதுகளை ஆர் பாத்தது என்று ஃபாபியோ அவள் பக்கம் திரும்ப, நான் என்று அவள் வாயெடுக்க முன்னம் எத்தோரே சொல்லிவிட்டார், நான்தான் பாத்தனான், பிழை என்ர. அவள் மேசைக்கு முன்னால் வந்து, மற்ற அறுபத்திரண்டும் உண்மை சிஞ்ஞோர் ஃபாபியோ, சத்தியமா உண்மை, நான் ஒரு விரல் கூட்டிக் குறைச்சுச் சொன்னதில்லை, இது மட்டும்தான் என்றாள், அவன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது, இருக்கும் சிஞ்ஞோரா, உண்மையாத்தான் இருக்கும், ஆனா அதை இனி ஆர் சொல்லுறது என்றான், அறுபத்திமூன்று வீட்டுக்கும் எழுத வேண்டும் என்றான், எழுதினான், ஒரு மாதத்துக்குள் நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஐம்பது வருடத்துப் பெயர் எப்படிப் போகும் என்று அவள் நேரில் பார்த்தாள், சத்தமே இல்லாமல் போனது, தொலைபேசி அடிக்காமல் விட்டது, அவ்வளவுதான்.

ஃபாபியோ போய் இரண்டு நாள் கழித்து, சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார், ஈயத்தாள் பிசுபிசுத்தது சிஞ்ஞோரா, முதல் போத்தலிலேயே என்ர விரலுக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ஏன் சிஞ்ஞோர் கையெழுத்து வச்சனீங்கள் என்றாள். அவர் கரண்டியைத் தடவி நேராக வைத்துவிட்டு, உங்கட சொல் பிழை எண்டு சொன்னால் மற்றக் கடிதங்கள் என்ன எண்டு நான் யோசிக்க வேண்டி வரும், எனக்குப் பயமாய் இருந்தது, நாலு வருசம் நான் உங்கட கண்ணுக்குள்ளதான் இருந்தனான், அதுக்குள்ளையும் இருட்டு எண்டால் பிறகு நான் எங்க போறது என்றார், கோபமே இல்லாத குரல், ஊர் பேர் கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். அழுதபடி அவள் மைதானத்தையும் சாக்கையும் வாகீசனையும் சொன்னாள், முதன்முதலாக இன்னொரு மொழியில் சொன்னாள், அவர் கடைசிவரை கேட்டார், கேட்டுவிட்டு, பாவம் பெடியன் என்றார், பிறகு மெதுவாக, ஆனா நீங்கள் அந்தக் கிழவிக்கு ஒண்டும் குடுக்கேல்லை சிஞ்ஞோரா, கொஞ்ச நாளைக்குக் கடன் வாங்கிக் குடுத்தனீங்கள் என்றார். அதன் பிறகு அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, மழையோ என்று கேட்பதில்லை, ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார், பால் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்பதில்லை, கிண்ணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார், அவள் சட்டை நீலம் என்று எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு தையலைத் தடவிப் பார்த்துவிட்டு உடுத்தினார், ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவர் விழுந்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டு, இலையுதிர் காலம் தொடங்க மிலானோவிலிருந்து அவருடைய அக்காவின் மகள் வந்து வயோதிபர் இல்லத்தில் இடம் எடுத்துவிட்டதாகச் சொன்னாள், போகிற அன்று காரில் ஏற்றும்போது நாகபூஷணி பிடித்த கையை அவர் விடவும் இல்லை, இறுக்கவும் இல்லை, மூன்றாம் மாதம் அந்த அக்கா மகள் ஒரு வரி அனுப்பினாள், அடக்கம் முடிந்துவிட்டது என்று.

ஆனால் அதற்கு முன், வீடு காலியாகித் திறப்பைக் கொடுத்த அடுத்த நாள், அவள் இரண்டு பஸ் மாறி இர்மாவின் ஊருக்குப் போனாள், மன்னிப்புக் கேட்கத்தான் போனாள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள், மலைச்சரிவு முழுவதும் திராட்சைக் கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன, பனிப்புகை ஏறிவரும் பின்னேரம், முடி வெட்டும் கடை இருந்த வீட்டின் பின்முற்றத்தில் கல்தொட்டிக்கு முன்னால் கிழவி நின்றிருந்தாள், ஏலக் கம்பனி திருப்பி அனுப்பிய பெட்டி திறந்து கிடந்தது, தக்கை திருகியில் தூள் தூளாக வரும் தக்கையை இழுத்து எறிந்துவிட்டு, போத்தலைக் கவிழ்த்துத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள், வெறும் போத்தல்கள் சுவரோரம் வரிசையாக நின்றன, எட்டு. நாகபூஷணியைக் கண்டதும் நிறுத்தவில்லை, வாங்கோ என்றும் சொல்லவில்லை, புளித்த நெடி முற்றம் முழுக்க நின்றது, காடியும் ஊறிய கடதாசியும் கலந்த நெடி. சிஞ்ஞோரா, நான் உங்களுக்கு நன்மை செய்யிறன் எண்டு நினைச்சு என்று இவள் தொடங்க, கிழவி ஒன்பதாவதைக் கவிழ்த்தபடியே, நான் இனி அவரிட்டப் போய் என்னெண்டு சொல்லுறது என்றாள், முழங்காலில இருந்து கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தாங்கோ எண்டோ, நான் திரும்பவும் அவரை விசரன் எண்டு சொல்லவேணுமோ, நீங்கள் அண்டைக்கே இல்லை எண்டிருந்தால் நான் வழமை போலப் பேசிப்போட்டு இருந்திருப்பன், அது எனக்குப் பழக்கம், இப்ப ஞாயிற்றுக்கிழமையில நான் அங்க போறேல்லை, எனக்கு அவற்ற முகத்தைப் பாக்க ஏலாது என்றாள். பத்தாவது. பெட்டியில் இன்னும் இரண்டு, கிழவி ஒன்றை எடுத்தாள், அதன் கழுத்தருகே கண்ணாடியில் ஒரு சிறு குமிழ், அன்றைக்கு டோர்ச் பிடித்தபோது நெஞ்சு திடுக்கிட்ட போத்தல், பன்னிரண்டில் அது ஒன்றுதான் உண்மையாகவே இருந்தது, மெய்யாகவே இரண்டு விரல், மெய்யாகவே நனைந்த செங்கல், ஏன் என்று கேட்டால் காரணமில்லை, தக்கை நல்ல மரத்தில் வந்திருக்கலாம், மற்றவற்றின் நிழலில் நின்றிருக்கலாம். அதை ஊத்தாதேங்கோ சிஞ்ஞோரா என்று கிட்டப் போனாள், அது நல்லது, அது ஒண்டு மட்டும் உண்மையா நல்லது, வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, உங்கட மனிசன் வாங்கினது மாதிரியே இருக்கு. கிழவி முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள், வெறுப்புக்கூட இல்லை, விற்பனைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், அப்படியோ என்றாள், தக்கை திருகியை இறக்கினாள், இந்தத் தக்கை தூளாகவில்லை, முழுதாக, மெல்லிய ஒரு சத்தத்தோடு வந்தது, கிழவி கவனிக்கவில்லை, கவிழ்த்தாள்.

வைன் கல்லில் விழுந்த பிறகுதான் வாசம் எழுந்தது, நான்கு வருடத்தில் நூற்றுக்கணக்கான போத்தல்களைப் பார்த்தவளுக்கு முன்னால் ஒரு பரோலோ திறபட்டது அதுதான் முதல் தடவை, சாமிக்குச் சாத்திக் கழற்றிய ரோசாமாலை வாடிக் கிடக்கும் வாசம், வெயிலில் இளகிய தார்வீதியின் வாசம், மழைக்கு முந்திய மண், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், காடியின் நெடியை விலக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றது. கிழவியின் கை நின்றது. அந்த ஊரில் பிறந்து எழுபத்துநான்கு வருடம் இருந்தவளுக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை, போத்தலை நிமிர்த்தி, மங்கிக்கொண்டு வந்த வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், மூன்று விரல் மிச்சம் இருந்தது, தெளிந்த செங்கல் நிறம், ஒரு மூச்சு நேரம் தெளிவாக இருந்தது, பிறகு குலுங்கிய மண்டி அடியிலிருந்து எழும்பி அதையும் கலக்கிவிட்டது, கல்தொட்டியின் துவாரத்தில் மிச்சம் சுழன்று இறங்கும் சத்தம் கேட்டது, இரண்டு பெண்களும் அந்தச் சத்தம் முடியும்வரை நின்றார்கள். கிழவி அந்தப் போத்தலைச் சுவரோரம் மற்றவற்றின் பக்கத்தில் வைத்தாள், வைத்த கையை உடனே எடுக்கவில்லை, பிறகு குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினாள், வாசம் போகும்வரை கழுவினாள், அடி முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பெட்டிக்குள் கையை விட்டாள், பன்னிரண்டாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நாகபூஷணியும் சொல்லவில்லை.